புதைக்கும் முன் ஒரு துண்டுத் தோல்

வனவிலங்குகளைக் காக்கும் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். நான் கோலாலம்பூர் செந்தூல்வாசி. சென்ற மாதம் மெந்தகாப்பில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு விடியற்காலையில் காராக் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பியபோது சாலையோரத்தில் ஒரு தெனுக், அதாவது தாபிர் என்னும் காட்டு விலங்கு, அடிபட்டுக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், உடம்பில் இன்னும் சூடு இருந்தது. காது மட்டும் கொஞ்சமும் சேதமில்லாமல், விளிம்பில் அந்த வெள்ளைக் கோட்டோடு அப்படியே இருந்தது. போன் செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்து லாரி வந்தது. காதிலிருந்து கொஞ்சம் தோல் எடுத்து வைப்பீர்களா என்று வந்தவர்களிடம் கேட்டேன். "அப்படி உத்தரவு எதுவும் இல்லையே அண்ணே, புதைச்சிடுவோம்" என்றார் நம் தம்பி ஒருவர். அவர்மேல் குறையில்லை. காலில் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

தாம், இமான் என்று பெயரிட்ட இரண்டு சுமத்ரா காண்டாமிருகங்களின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 2019 மே மாதம் சபாவில் தாம் செத்துப்போனது, நவம்பரில் இமானும் செத்துப்போனது, அத்தோடு நம் நாட்டில் சுமத்ரா காண்டாமிருகமே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் தாமின் தோலைப் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் 2022இல் பெர்லினில் மாக்ஸ் டெல்புரூக் மைய ஆய்வாளர்கள் அதிலிருந்து ஸ்டெம் செல், அதாவது உடம்பின் எந்த வகை உயிரணுவாகவும் வளரக்கூடிய குருத்தணு, உருவாக்கிக் காட்டினார்கள். அந்தக் குருத்தணுவைச் சினைமுட்டையாகவோ விந்தாகவோ வளர்க்க முடிந்தால், செத்துப்போன விலங்கின் மரபும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். எலியில் இது முடிந்திருக்கிறது, வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் முதல் படியைத்தான் தாண்டியிருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருஷம் ஆனாலும் ஆகட்டும், அன்றைக்கு வேலை நடக்க இன்றைக்குத் தோல் வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு விலங்கின் தோல் போதாது, தனித்தனியாக எத்தனை விலங்கிலிருந்து கிடைக்கிறதோ அத்தனையும் வேண்டும்.

அதனால்தான் கேட்கிறேன், புதைக்கும் முன் ஒரு துண்டுத் தோல் எடுங்கள். சீக்கிரமே எடுத்து ஐஸில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டு போனால் அதன் உயிரணுக்களை வளர்க்கலாம், அப்புறம் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வருஷக்கணக்கில் வைக்கலாம்.

நாட்டின் சின்னத்தில் இரண்டு புலி நிற்கிறது, காட்டிலோ 150கூட இல்லை. காட்டை இரண்டாகப் பிளந்து சாலை போட்டோம், மிச்சத்தைச் செம்பனைத் தோட்டங்களுக்குக் கொடுத்தோம், சாலையைக் கடக்க வந்த விலங்கு செத்தால் குழி தோண்டுகிறோம். காடு இல்லாமல் ஸ்டெம் செல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நீங்கள் கேட்டால் அது நியாயம்தான். ஆனால் காட்டையும் காப்பாற்றவில்லை, தோலையும் எடுத்து வைக்கவில்லை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. புதைக்கும் முன் ஒரு துண்டுத் தோல், அவ்வளவுதான். அடுத்த முறை அந்த லாரியில் ஓர் ஐஸ் பெட்டியும், தோலை எந்த ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும் என்று எழுதிய உத்தரவும் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
செந்தூல்வாசி ஒருவன்