சொம்பின் அடியில் பெயர் இருக்கிறது: தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊர் அருங்காட்சியகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். செப்டம்பர் விழாவில் வடை, முறுக்கு ஸ்டால் போட எத்தனை பெண்கள் வருவார்கள் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதற்குப் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். ஜூலையில் நான் எழுதிய இரண்டு ஆங்கிலக் கடிதங்களுக்கும் உங்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. அதனால் இந்த முறை தமிழில், ஊரே படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் குழுவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேராவது இருக்கிறார்கள். அதில் ஒருவர் என்னிடம் சனிக்கிழமை வகுப்பில் படித்தவர். மற்றவர்களுக்கு அவர் வாசித்துக் காட்டட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். பின்கட்டு அறையை விழா நாட்களில் மட்டும் திறக்காமல், மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமையாவது திறந்து வையுங்கள்.

எந்த அறை என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முன்கூடத்தில் தோட்டத் துரை வீட்டுப் பியானோவும் சீனக் கோப்பைகளும் மில்லின் பழைய படங்களும் வருஷம் முழுக்க இருக்கின்றன. அதைத் தாண்டினால் நடை, கழிப்பறை, அப்புறம் ஒரு பூட்டு. அம்மி, உலக்கை, கரும்பு வெட்டும் கத்தி, உறுமி மேளம், எங்கள் ஆயாவின், அதாவது பாட்டியின், பித்தளைச் சொம்பு எல்லாம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை என் பெரியம்மா வந்தார். வயது 84. சாட்ஸ்வொர்த்தில் மகன் வீட்டில் இருக்கிறார். மகனுக்கு அன்று வேலை. பெரியம்மா காத்திருக்கிற ரகம் இல்லை. சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பனுக்கு ஒரு டாக்ஸி (இங்கே டாக்ஸி என்றால் ஆள் சேர்த்து ஏற்றும் வேன்), வார்விக் சந்திப்பில் இறங்கிக் கூட்டத்தில் நடந்து வடக்கே வருகிற இன்னொரு டாக்ஸி. முட்டி தேய்ந்த கிழவிக்கு அந்த வண்டியின் பின் சீட்டில் ஏறுவதும் இறங்குவதும் என்ன பாடு என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே நான் போன் பண்ணிக் கேட்டிருந்தேன். “சனிக்கிழமை திறந்திருக்கும்” என்றார்கள். திறந்துதான் இருந்தது. பியானோவைப் பார்க்கலாம்.

பின்கட்டு அறையின் சாவி, விழாவுக்குப் பொறுப்பானவரிடம் இருக்கிறதாம். அவர் விழா நாளில்தான் வருவாராம்.

பெரியம்மா கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் பையில் சுருட்டிய புளியையும் ஒரு பழைய துணியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “இத்தனை வருஷத்தில் சொம்பு கறுத்துப் போயிருக்குமே, ஒரு தேய் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன்” என்றார். அருங்காட்சியகப் பொருளில் புளியை வைத்துத் தேய்க்கக்கூடாது என்று எனக்கும் தெரியும். கதவு திறந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

வாசல் காவலர் ஒரு ஜூலு இளைஞர். “கோகோ, கோகோ” என்று, ஜூலுவில் பாட்டி என்று, கூப்பிட்டு, தன் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அவரிடம் சாவி இல்லை, மரியாதை இருந்தது. முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் பெரியம்மா வந்த வழியே இரண்டு டாக்ஸி பிடித்துத் திரும்பினார். புளி அவரோடேயே போயிற்று.

ஒரு சொம்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்தச் சொம்பு ஆயாவின் கல்யாணத்துக்கு டர்பன் கிரே ஸ்ட்ரீட் பாத்திரக் கடையில் வாங்கியது. ஆயா பிறந்ததே கரும்புத் தோட்டத்து பாரக்ஸில்தான், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில். ஆயாவின் அம்மா சென்னையிலிருந்து கப்பலேறி, ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்து வந்தவர். 1860 முதல் 1911 வரை அப்படி நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னையில் ஏறியவர்கள். இந்தக் கணக்கை உங்கள் துண்டுப் பிரசுரத்தில் நீங்களே வருஷா வருஷம் போடுகிறீர்கள். பாரக்ஸில் பெரியம்மா பிறந்த அறையில் ஒன்பது பேர் படுப்பார்களாம். அந்த வீட்டில் ‘சொத்து’ என்று சொல்ல இருந்தது அந்தச் சொம்பு ஒன்றுதான். 2010-இல், முதல் கப்பல் வந்த 150-ஆம் ஆண்டை ஒட்டி, பழைய பொருள்களை வீடு வீடாக வந்து கேட்டீர்கள். பெரியம்மா ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார். ரசீதில் உங்கள் முத்திரை இருக்கிறது.

போன நவம்பர் 16 அன்று, முதல் கப்பல் வந்த நாளின் விழாவுக்காக அறை திறந்திருந்தபோது, சொம்புக்கு முன்னால் வைத்திருந்த சீட்டை வாசித்தேன். ‘தண்ணீர்ப் பாத்திரம். பித்தளை. கொடுத்தவர் தெரியவில்லை.’

அந்தச் சொம்பைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஆயாவின் பெயர் புள்ளி புள்ளியாக உளியில் வெட்டியிருக்கிறது. முன்னால் அவர் அப்பாவின் பெயரில் முதலெழுத்து. நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் காலங்காலமாகச் செய்வதுதான். இத்தனை வருஷமாக அது உங்கள் கையில் இருந்தும் ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை, பார்த்தாலும் வாசிக்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல் பதிவேட்டில்கூட ஆளுக்கு ஒரு நம்பர், அப்பன் பெயர், வயது, ஜாதி, கிராமம், உயரம், உடம்பிலிருந்த தழும்பு எல்லாம் எழுதினார்கள். பெயர்களைக் கன்னாபின்னாவென்று எழுதினார்கள், ஆனால் எழுதினார்கள்.

ஆள் இல்லை, காசு இல்லை என்பீர்கள். கட்டிடத்துக்குக் காப்பீடு, அலாரம், ஒழுகும் கூரை என்று செலவு இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். ‘வரலாற்று உலா’ என்று வருஷத்துக்கு மூன்று முறை பஸ் விடுகிறீர்கள். ஈஸ்டரில் தீமிதிக்கு ஒன்று, செப்டம்பர் 24 பாரம்பரிய நாளுக்கு ஒன்று, நவம்பர் 16-க்கு ஒன்று. பஸ்ஸில் வருகிறவர்கள் பார்ப்பது எங்கள் கோயில், சாப்பிடுவது எங்கள் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சுட்ட வடை, படம் எடுப்பது எங்கள் பாரக்ஸ். ஸ்டாலில் வந்த பணத்தை ஒரு ரேண்ட் குறையாமல் உங்களிடம் கொடுக்கிறோம். அதில் இரண்டு சனிக்கிழமைக்கு ஓர் ஆளுக்குச் சம்பளம் தேறாதா? அந்த ஒரு கதவைத் திறந்து வைக்கத்தான் கேட்கிறேன்.

உலா என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. போன வருஷம் நானும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் 1893-இல் காந்தியை இறக்கிவிட்ட கதையை வழிகாட்டி இருபது நிமிடம் சொன்னார். சரி, சொல்ல வேண்டிய கதைதான். அப்புறம் பஸ் மவுண்ட் எட்ஜ்கோம் பக்கமாகப் போனது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் மேல் போட்ட 3 பவுண்டு தலைவரியை எதிர்த்து 1913-இல் நம் ஜனங்கள் கரும்புக் கத்தியைக் கீழே போட்டதும், நவம்பரில் அங்கே போலீஸ் சுட்டதும், ஆட்கள் செத்ததும் அந்தக் காட்டில்தான். அந்த இடத்தில் வழிகாட்டி மதியச் சாப்பாட்டில் கோழியா, பீன்ஸா என்று கையெழுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அதே போராட்டத்தில் சிறைக்குப் போய்க் காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் அன்று முழுக்க ஒரு தடவைகூட வரவில்லை. பாரக்ஸ் வரிசை வந்ததும் “எவ்வளவு அழகான குட்டி வீடுகள்” என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார். கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வாசலில் கட்டிய பேனரைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். ‘வரவேற்கிறோம்’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் வட்ட வட்டமாகப் புள்ளிகள். என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் அதை எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, “டீச்சர், இது தெலுங்கா?” என்று கேட்டான். அச்சகத்துக்கு அனுப்பும் முன் யாரிடமாவது காட்டியிருக்கலாம். நான் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன்.

அப்புறம் அந்த மட்டன் கறி விவகாரம். செப்டம்பர் 24 எப்போதும் புரட்டாசியில்தான் வரும். அந்த மாதம் எங்கள் பாதி வீடுகளில் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். அந்தப் பெண்களிடம் போய் “மட்டன் பன்னி சாவ் போட்டால் நன்றாக விற்கும்” என்று, ரொட்டியைக் குடைந்து கறிக் குழம்பு ஊற்றிக் கொடுக்க யோசனை சொன்னீர்களே, ‘நம் பண்பாட்டைக் கொண்டாடுவோம்’ என்ற பேனருக்குக் கீழே நின்றுகொண்டு!

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களில் பலர் சம்பளம் வாங்காமல் உழைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நீங்கள் இல்லையென்றால் அந்தக் கட்டிடம் எப்போதோ பேக்கிகள், அதாவது சின்னச் சரக்கு வண்டிகள், நிறுத்தும் இடமாகியிருக்கும். அதனால் பணிவாகவே கேட்கிறேன்: மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை, பின்கட்டு அறையைத் திறந்து வையுங்கள். காவலுக்கு ஆள் வேண்டுமென்றால் என் வகுப்பின் பெரிய பிள்ளைகளை முறை வைத்து அனுப்புகிறேன், நானும் வந்து உட்காருகிறேன். சீட்டுகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதித் தர ஆள் இருக்கிறது. ஜூலுவில் எழுதித் தருவதாகச் சொன்னது உங்கள் வாசல் காவலர்தான். செலவு, அட்டைக்கும் பேனாவுக்கும்.

ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். சொம்பின் சீட்டில் யார் பெயரை எழுத வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

ஸ்டாலுக்கு எத்தனை பெண்கள் என்று கேட்டிருந்தீர்கள். போன வருஷம் வந்த பதினொரு பேரும் தயார்தான், மாவுக்கு உளுந்துகூட வாங்கியாகிவிட்டது. பெரியம்மா அந்த அறைக்குள் போய் வந்த மறுநாள் பெயர்ப் பட்டியலை அனுப்புகிறேன். எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டியே சொன்னால் அவரை டாக்ஸியில் வரவிடாமல் யாராவது போய் அழைத்து வருவோம்.

இப்படிக்கு,
சொம்பு கொடுத்த வீட்டுப் பேத்தி