கூரைமேல் படகு வேண்டாம், கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஏற்காட்டில் விட்டுவிட்டு மழை, கீழே சேலத்தில் வழக்கம்போல் புழுக்கம். அடுத்த மாதம் கர்நாடகத்துத் தாண்டேலிக்குக் கயாக் என்கிற சின்னத் துடுப்புப் படகு ஓட்டப் போகிறோம், ஆறு பேர், மூன்று கார் என்றாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

துடுப்புப் போடுவதில் புகை ஏது என்பாய். புகையெல்லாம் ஆற்றுக்குப் போகிற வழியில்தான். பெங்களூரிலிருந்து தாண்டேலி போக வர 900 கிலோமீட்டருக்கு மேல். கூரையில் படகைக் கட்டினால் உன் வண்டி லிட்டருக்கு 12 கொடுப்பதே பெரிது. அதற்கு 75 லிட்டர் பெட்ரோல். லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். ஆனால் எரியும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனும் சேர்வதால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும். ஒரு காருக்கே 170 கிலோவைத் தாண்டுகிறது. மூன்றுக்கு நீயே பெருக்கிக்கொள்.

மலைப் பாதையில் பஸ் ஓட்டியவன் சொல்கிறேன். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் டீசலைக் குடிப்பது எடைதான். அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. தொப்பூர் கணவாய் தாண்டி நாலுவழிச் சாலையைப் பிடித்தால் காற்றுதான் வில்லன். 80-ல் போகிற வண்டி 100-க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடும். படகைக் கட்டிய வார் விர்ரென்று கத்துகிறதே, அது உன் பெட்ரோல் காலியாகிற சத்தம்.

ஒகேனக்கல்லில் பார்த்திருப்பாய். ஆற்றோடு கீழே போன பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேலே நடந்து வருவார்கள். மூங்கில் கூடைதானே, ஆள் தூக்குகிற எடை. உங்களுக்கும் காற்றடிக்கிற கயாக் இருக்கிறது, மடித்தால் முதுகுப்பைக்குள் அடங்கும். ஸ்லீப்பர் பெட்டியில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். ராத்திரி ரயில் ஏறினால் காலையில் ஹூப்ளி, அங்கிருந்து பஸ். வெள்ளம் பாய்கிற இடத்துக்குக் கெட்டிப் படகுதான் வேண்டும் என்றால் அங்கேயே வாடகைக்கு எடு.

படகு இறங்குகிற இடத்தில் ஒன்று, ஏறுகிற இடத்தில் ஒன்று என்று இரண்டு கார் வேண்டும் என்பாய். கரையேறும் இடத்தில் ஒரு சைக்கிளைப் பூட்டி வை. ஒருவர் மிதித்துப் போய் வண்டியை எடுத்து வந்தால் தீர்ந்தது.

அப்புறம் ரிஷிகேஷ். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை விமானத்தில் பறந்து, சனி ஞாயிறு மட்டும் தண்ணீரில் கிடந்து திரும்புவது எனக்குப் பிடிக்கவே இல்லை. லீவைச் சேர்த்து வைத்து ஒரே தடவையாகப் போய்ப் பத்து நாள் இரு. ஆற்றையும் ஒழுங்காகப் படிக்கலாம்.

பக்கத்திலேயே மேட்டூர் இருக்கிறது, 1934-ல் கட்டி முடித்த அணை. ரயிலில் சேலம் வந்தால் அங்கே பஸ்ஸிலேயே போய்விடலாம். நீர்த்தேக்கத்தில் இறங்க அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள். காவிரியில் முதலையும் உண்டு. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதே.

எல்லாம் கேட்டுவிட்டுக் காரில்தான் போவேன் என்றால் ஆறு பேரும் இரண்டு காரில் அடங்குங்கள், 80-ஐத் தாண்டாதீர்கள். ஊர் திரும்பியதும் கூரைக் கம்பியைக் கழற்றிவிடு. சும்மா இருந்தாலும் அது காற்றை இழுக்கும். ஸ்பேனர் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா