உப்புக்காற்றில் இரையும் பின்சக்கரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து மண்டபத்துக்கு நாள்தோறும் பாம்பன் சாலைப் பாலம் வழியாக மின்சார ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று வருபவன் நான். இராமேசுவரம் தீவிலும், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை என நீளும் கரையோர ஊர்களிலும் இவ்வகை வண்டிகள் பெருகிவருகின்றன. பெட்ரோல் செலவை நினைத்தால் இது நல்ல மாற்றமே. ஆனால் வாங்கி ஓராண்டு கடந்த வண்டிகள் பல, பின்சக்கரத்திலிருந்து கொரகொரவென்று இரைந்துகொண்டே போவதைக் கேட்கிறேன். அந்த இரைச்சலுக்கு ஷோரூம்களில் சொல்லப்படும் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

என் வண்டியில் பதினான்காம் மாதம் சத்தம் தொடங்கியது. காட்டியபோது, "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் கழித்துப் பாலத்தின் ஏற்றத்தில் சக்கரம் இறுகி நின்றது. மறுபடியும் கொண்டுபோனால், உள்ளே நீர் புகுந்து துருப்பிடித்திருப்பதாகவும், நீர் புகுந்தால் வாரண்டி கிடையாது என்றும், மோட்டாரோடு சேர்த்துச் சக்கரத்தையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்கள். முதல் முறை சென்றபோதே பேரிங்கைப் பார்த்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது என்பதை அங்கே ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைசியில் மோட்டார் காயில் கட்டும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். காந்தத்தின் இழுப்பு பலமாக இருப்பதால் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரின் மூடியைக் கையால் எடுக்க முடியாது. புல்லர் என்ற இழுப்பான் கருவியை வைத்துத்தான் கழற்றினார். உள்ளே கிரீஸ் பால் கலந்த தேநீர் நிறத்தில் கரைந்திருந்தது. பேரிங்கை என் உள்ளங்கையில் வைத்து விரலால் சுற்றிப் பார்க்கச் சொன்னார். மணலை அரைப்பது போல நறநறவென்று சுற்றியது. 6202 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங் அது. அதன் இரு பக்கமும் மெல்லிய தகட்டு மூடிதான் இருந்தது. தகட்டு மூடி தூசியைத் தடுக்கும்; நீரைத் தடுக்காது. அதே எண்ணில், அதே அளவில் ரப்பர் சீல் வைத்த பேரிங்குகள் இராமநாதபுரம் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றை மாட்டிய பிறகு வண்டி சத்தமின்றி ஓடுகிறது.

இந்த வண்டிகள் பலவற்றில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. அச்சோடு காயில் அசையாமல் நிற்க, அதைச் சுற்றிக் காந்தங்கள் பதித்த கூடு சுழல்கிறது. ஓடும்போது மோட்டார் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறுகிறது. வண்டி நின்று குளிரும்போது, அச்சின் ஒயர் துளை வழியாகவும் பேரிங்கின் விளிம்பு வழியாகவும் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. சக்கரம் நனைந்திருந்தால் காற்றோடு நீரும் போகிறது. நம் பகுதியில் அந்த நீரில் உப்பு இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும்போது பாலத்தைக் கடந்தவர்களுக்குச் சட்டையும் கண்ணாடியும் எப்படிப் பிசுபிசுக்கும் என்பது தெரியும். சட்டையில் படிவதுதான் சக்கரத்திலும் படிகிறது.

மீன் விற்பவர்களின் வண்டிகள் இதைவிட மோசமாகப் பாதிக்கப்படுகின்றன. பின்னால் கட்டிய ஐஸ் பெட்டியிலிருந்து உருகி ஒழுகும் உப்புநீர் நேராகப் பின்சக்கரத்தின் நடுவில் சொட்டுகிறது. அதைக் கழுவுவதாக நினைத்து வாட்டர் சர்வீஸ் கடையில் சூடான சக்கரத்தின் மீது வேகமாக நீரைப் பீய்ச்சினால், சீலைத் தாண்டி உள்ளே தள்ளியது போலாகிறது. வண்டி ஆறிய பிறகு குவளையால் நல்ல தண்ணீர் ஊற்றித் துடைப்பதே போதுமானது. பெட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, ஒழுகும் நீரைக் குழாய் வழியே பக்கவாட்டில் இறக்கிவிட்டாலும் சக்கரம் தப்பிக்கும்.

எல்லாச் சத்தமும் கோளாறு அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பேட்டரி மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால், விட்டு விட்டுப் பிடிப்பது போன்ற ஒரு தடங்கல் தெரியும். அது காந்தத்தின் இயல்பு. ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் எழுந்து, விட்டவுடன் நிற்கும் உறுமலுக்கு, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரையோ ஒயர் இணைப்பையோ பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு முறை உரசும் ஓசை பெரும்பாலும் பிரேக்கிலிருந்து வரும். மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றும்போதும் கொரகொரவென்று கேட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேரிங்கை. அதைத் தள்ளிப்போடக் கூடாது. காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் உண்டு. பேரிங் ஆடத் தொடங்கினால் இரண்டும் உரசி, காந்தம் பெயர்ந்து, காயிலும், காந்தத்தின் நிலையை உணரும் ஹால் சென்சாரும் பாழாகும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரம் ரூபாய் செலவாகிவிடும்.

மோட்டாருக்கு ஐபி67 தரம் உண்டென்று விளம்பரத்தில் சொல்கிறார்கள். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் பொருள். பல மாதங்கள் உப்புக்காற்றில் ஓடினால் சீலும் பேரிங்கும் என்னவாகும் என்பதை அந்தச் சோதனை சொல்லாது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றதற்குக் காரணம் துருவே. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், உப்பைக் கணக்கில் கொண்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் தனிப்பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாலத்துக்கு எடுத்த கவனத்தில் சிறு பங்கையாவது, அதன் பக்கத்துப் பாலத்தில் ஓடும் வண்டிக்கு எடுக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை. உப்பரிப்பை ஆராயும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் சோதனைக் கூடம் மண்டபத்திலேயே இருக்கும்போது, தயாரிப்பாளர்கள் தங்கள் சக்கரங்களை இங்கே வைத்துச் சோதிக்க என்ன தடை?

கரையோரத்தில் விற்கும் வண்டிகளில் ரப்பர் சீல் பேரிங்குகளையே பொருத்த வேண்டும். இங்குள்ள விற்பனை மையம் ஒவ்வொன்றிலும் புல்லரும் மாற்றுப் பேரிங்கும் இருப்பதோடு, மோட்டாரைத் திறக்கும் அனுமதியும் பயிற்சியும் அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு இருக்க வேண்டும். மதுரைக்கு அனுப்பினோம் என்று வாரக்கணக்கில் காக்க வைப்பது, அன்றாடம் வண்டியை நம்பிப் பிழைக்கும் மீன் வியாபாரியின் வயிற்றில் அடிப்பதாகும். உப்புத் துருவுக்கு வாரண்டி இல்லையென்றால், அதைப் பணம் வாங்குவதற்கு முன்பே தமிழில் எழுதித் தர வேண்டும். வாரண்டிக் காலத்தில் சத்தம் பற்றிப் புகார் செய்தவருக்கு, தேதியிட்ட ரசீது கட்டாயம் தர வேண்டும். என்னிடம் அப்படியொரு ரசீது இல்லாததால்தான், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போக நினைத்தும் கையில் ஆதாரமின்றி நின்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தங்கச்சிமடம்.