டிசம்பர் 16 காலை, ஏரிக்கரையில் கல் நடுகிறோம்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

1971 போரில் உயிர்விட்ட நம் ஊர் ராணுவ வீரருக்கு, வருகிற டிசம்பர் 16 காலை 9 மணிக்கு ஏரிக்கரையில் கல் நடுகிறோம். நீங்கள் எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும்.

அவர் நம் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் போன வாரம் எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. ஆனால் அவர் பெயர் நீல மையில் அப்படியே இருக்கிறது. பக்கத்தில் அவர் அப்பாவின் பெருவிரல் ரேகை. கையெழுத்துப் போடத் தெரியாத அந்த மனிதர்தான் மகனைப் படிக்க அனுப்பியிருக்கிறார். வெகுநேரம் அந்தப் பக்கத்தை மூட மனம் வரவில்லை.

அந்தப் போர் டிசம்பர் 3-ஆம் தேதி தொடங்கி, 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததோடு முடிந்தது. ரேடியோவில் வெற்றிச் செய்தி கேட்டு ஊரே சந்தோஷப்பட்டதாம். தந்தி அதற்கப்புறம்தான் வந்தது. அந்தக் காலத்தில் போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. ஒரு இரும்புப் பெட்டி மட்டும் வந்தது. அதனால் அவருக்கென்று ஒரு சமாதிகூட இங்கே இல்லை.

சிலை வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பெரியவர்கள் கல்தான் வேண்டும் என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நம் பக்கத்தில் வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோமே, அந்தக் கற்களில் பல நடுகற்கள்தான். மாடுகளைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவனின் உருவத்தைச் செதுக்கி, அவன் பெயரையும் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதையும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டி வைத்தார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட கற்களைப் பார்க்கலாம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள். நம் கல்லிலும் அவர் பெயர், ஊர், இறந்த ஆண்டு, அவ்வளவுதான். நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் வேண்டாம் என்று கொடுத்தவர்களே சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி.

ஃபிளெக்ஸ் பேனர், பட்டாசு, மைக் செட் எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் சீருடையில் வந்தால் போதும், பணம் கொடுத்தனுப்ப வேண்டாம். அவரோடு படித்தவர்கள், மாடு மேய்த்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ அனுப்புகிறோம். முந்தின நாளே வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அவரை நேரில் பார்த்தவர்கள் ஊரில் சிலர்தான் இருக்கிறார்கள்.

முதல் குடம் தண்ணீரை அவருடைய தங்கை ஊற்றுவார். அந்த இரும்புப் பெட்டியையும் அன்று கொண்டுவருகிறார். பிள்ளைகள் தொட்டுப் பார்க்கட்டும் என்று அவரே சொன்னார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்