பல்வலிக்கு ஆன்டிபயாடிக் எப்போது தேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்வலி என்று போகிறவர் பலமுறை அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் எழுதிய சீட்டோடு மட்டுமே திரும்புகிறார். பல்லின் உள்ளிருக்கும் கூழ்ப்பகுதி அழிந்தபின் அங்கு இரத்த ஓட்டம் நின்றுவிடுவதால், விழுங்கிய மருந்து கிருமி இருக்கும் இடத்தைப் போதிய அளவில் சென்றடைவதில்லை. வேர் சிகிச்சையோ, பல்லை அகற்றுவதோ, சீழை வெளியேற்றுவதோதான் நோயின் மூலத்தை நீக்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றாத பெரியவர்களுக்கு இச்சிகிச்சை உடனே கிடைக்குமானால், கூழ் அழற்சிக்கும் ஓரிடத்தோடு நிற்கும் சீழ்க்கட்டிக்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே கூறுகிறது. காய்ச்சல், பரவும் வீக்கம், விழுங்குவதில் சிரமம் போன்றவை தோன்றினால் நிலைமை வேறு. அப்போது தாமதம் ஆபத்தானது.

பழியை மருத்துவர்மேல் மட்டும் சுமத்துவது நியாயமன்று. நேரமின்மையும், 'மாத்திரை எழுதித் தாருங்கள்' என்று வற்புறுத்தும் நம் பழக்கமும் (நானும் அவ்வாறு கேட்டவன்தான்) இதற்குக் காரணம்.

தீர்வு பெருஞ்செலவு பிடிப்பதன்று. ஸ்காட்லாந்தில் பல் மருத்துவர்களுக்கு அவரவர் எழுதிய ஆன்டிபயாடிக் அளவை வரைபடமாக அனுப்பிவைத்த ஆய்வொன்றில், அவ்வாறு பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் பரிந்துரை 5.7 சதவீதம் குறைந்தது. 2016இல் அது வெளியானது. மருத்துவ மன்றங்கள் இம்முறையை மேற்கொள்வதோடு, சீட்டில் மருந்தின் பெயருக்கருகே அதற்கான காரணத்தையும் எழுதும் வழக்கத்தைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்