சண்டை முடிஞ்ச அடுத்த வருசம்

தம்பி,

அண்டைக்கு வீடியோ கோல்ல உன்ர மூத்தவள் "அப்பம்மா, சண்டை முடிஞ்ச அடுத்த வருசம் எல்லாரும் சந்தோசமா இருந்தனீங்களோ" எண்டு கேட்டவள். நான் அடுப்பில பால் இருக்கெண்டு சொல்லி போனை அப்பாட்டக் குடுத்திட்டன். பால் ஒண்டும் இருக்கேல்ல, பிள்ளைக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்ல, அதான் இப்ப ஆறுதலா இருந்து உனக்கு எழுதுறன்.

2009ல சண்டை முடிஞ்சது, அடுத்த வருசம் சந்தோசம் இல்லையெண்டு சொல்லேலாது. 2006 ஆவணியில யாழ்ப்பாணத்தில இருந்து வெளிய போற பாதையை முகமாலையில பூட்டினாப் பிறகு கொழும்புக்குப் போறதெண்டா ஆமியிட்ட கிளியரன்ஸ் எடுத்து கப்பலுக்கோ பிளேனுக்கோ நாள்கணக்கா காத்திருந்த சனம் நாங்கள். 2010ல நானும் அப்பாவும் சும்மா பஸ் ஏறிப் போனம், முகமாலை தாண்டேக்க அப்பா ஒரு கதையும் கதைக்கேல்ல, யன்னலால பார்த்தபடியே வந்தார். வட்டில்லாத பனையள், கூரையில்லாத வீடுகள், தறப்பாளுக்குள்ள சனம். கிளிநொச்சியில அந்தப் பெரிய தண்ணி டாங்கி சரிஞ்சு விழுந்து கிடந்தது, அதுக்கு முன்னால நிண்டு தெற்கில இருந்து வந்த ஆக்கள் குடும்பமா படம் எடுத்துக்கொண்டு நிண்டவை.

அந்த வருசம் பஸ் பஸ்ஸா வந்தவை, நயினாதீவு விகாரை, நல்லூர்க் கோயில், லைப்ரரி எண்டு. றோட்டுக்கரையில கல்லு வைச்சு சோறு காய்ச்சுவினம். எங்கட படலையிலயும் ஒரு வயசான மனிசி வந்து சைகையால தண்ணி கேட்டவ, கிணத்தடிக்கு கூட்டிக்கொண்டு போய் அள்ளிக் குடுத்தன், அவவில எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா ஆமியின்ர உயர்பாதுகாப்பு வலயத்தால வலிகாமம் வடக்குச் சனம் இருபது வருசமா தங்கட வளவுக்குள்ள கால் வைக்கேலாம அகதியா இருக்கேக்க, நாடு முழுக்க வந்து சுத்திப் பார்த்திட்டுப் போறது எனக்கு நெஞ்சுக்க குத்தினது, இப்பவும் அது பிழையெண்டுதான் சொல்லுவன்.

தை 26 ஜனாதிபதி எலெக்சன், சண்டையை நடத்தின ஜனாதிபதி மகிந்தவோ சண்டை பிடிச்ச தளபதி பொன்சேகாவோ எண்டதுதான் எங்களுக்குக் கிடைச்ச தெரிவு. யாழ்ப்பாணத்தில நாலில ஒரு பங்குதான் வோட்டுப் போட்டது, அதிலயும் கூட விழுந்தது பொன்சேகாவுக்கு, ரெண்டு கிழமைக்குள்ள அவரையே பிடிச்சு உள்ள போட்டாச்சு. புரட்டாதியில அரசியலமைப்புக்கு 18ஆம் திருத்தம் கொண்டுவந்து ஒரே ஆள் எத்தினை தரமும் ஜனாதிபதிக்கு நிக்கலாம் எண்டாக்கினவை.

ஆவணியில நீ உங்க கனடாவில இருந்து போன் எடுத்து, "அம்மா, கப்பல் வந்திட்டு, 492 பேராம்" எண்டு சொன்னது ஞாபகம் இருக்கோ? எங்கட சனம் அகதியா வந்து இறங்கின சன் சீ கப்பல். பிறகு நீயே கேட்டாய், சண்டைதான் முடிஞ்சுதே, பிறகேன் சனம் கடல்ல இறங்குது எண்டு. அதுக்கு அண்டைக்கும் நான் மறுமொழி சொல்லேல்ல.

அதே ஆவணியில நல்லூர்க் கொடி ஏறினது. அவ்வளவு சனத்தை நான் கனகாலமாக் காணேல்ல, வெளிநாட்டில இருந்தும் வந்தவை. தேரண்டு சித்தி அடியழிச்சவ. சுடுமண்ணில விழுந்து விழுந்து கும்பிட்டு எழும்பேக்க நெத்தியில தோல் உரிஞ்சிட்டுது, நான் தண்ணி குடுக்க வேண்டாமெண்டிட்டா. சண்டை முடியிற நேரம் வட்டுவாகல் பாலத்தடியில பிரிஞ்ச அவவின்ர பொடியன், உன்ர தம்பி, வந்து சேரவேணும் எண்டுதான் அந்த நேத்தி. கார்த்திகையில, சண்டையைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் போட்ட நல்லிணக்க ஆணைக்குழு யாழ்ப்பாணம் வந்தது. அவன்ர ஓ.எல் சோதினை ஐடென்டிக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெருப்பிச்சு லமினேற் பண்ணிக்கொண்டு போனா, நானும் கூடப் போனன். அங்க படத்தோட நிண்ட தாய்மாரைப் பார்த்தாப் பிறகுதான் எங்கட வீட்டில மட்டும் இல்ல எண்டது எனக்கு விளங்கினது.

பாதை திறந்தது, சாமான் வந்தது, லீசிங்ல மோட்டச்சைக்கிள் வந்தது, சித்தியின்ர பிள்ளை வரேல்ல. இதைப் பிள்ளைக்கு ஒளிக்காமச் சொல்லவேணும் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளோட கோல் எடு. சித்தியும் வீட்டை வருவா, படத்தைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறன்.

அம்மா