ஹெட்டர் மாற்றுவோர் கசிவையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் எக்ஸாஸ்ட் ஹெட்டரை, அதாவது இன்ஜின் புகையை ஒன்றுசேர்த்து வெளியேற்றும் குழாய்த் தொகுப்பை, வீட்டிலேயே மாற்றிக்கொள்வது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். வண்டியோடு வந்த பழைய மேனிஃபோல்டைக் (அதே வேலையைச் செய்யும் பகுதி) கழற்று, புதியதை மாட்டு, அரை நாளில் வேலை முடிந்தது என்கிறது அக்குறிப்பு. அதைப் பிடித்திருக்கும் துருவேறிய ஸ்டட் (தலையில்லா மரையாணி) எதுவும் முறியாமல் இருந்தால் அரை நாள் என்பது சரியான கணக்குதான். ஆனால் சிலிண்டர் ஹெட்டுக்கும் (இன்ஜினின் மேல்பகுதி) ஹெட்டரின் ஃபிளாஞ்சுக்கும் (ஹெட்டில் பொருந்தும் தட்டையான தகடு) நடுவே காற்று புகாமல் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்காமல் இந்த வேலை முடிந்ததாகச் சொல்லவே முடியாது. அதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை என்பதால் எழுதுகிறேன்.

சிறு கசிவென்றால் ‘டிக் டிக்’ என்று சத்தம் வரும், அவ்வளவுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எக்ஸாஸ்ட் குழாய்க்குள் அழுத்தம் ஒரே சீராக இருப்பதில்லை. வால்வு திறக்கும்போதெல்லாம் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. அதன் வாலில் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்குகிறது. அந்த நொடியில் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்று, புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைத் தொட்டதும், கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தவறாகக் கணக்கிட்டுக் கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் விழும், பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோலும் உள்ளே வந்த காற்றும் சேர்ந்து கன்வர்ட்டருக்குள் எரிவதால் அது அளவுக்கு மீறிச் சூடேறும். ஸ்கேனரில் பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு என்ற பிழைக்குறி) என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்டரையும் காற்றளவு சென்சாரையும் வரிசையாக மாற்றிக்கொண்டிருப்பார்கள், கோளாறு ஃபிளாஞ்சில் இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத வாயு அது. பானட்டுக்குள் கசிந்தால், முன் கண்ணாடியின் அடியில் இருக்கும் காற்றுவாய் வழியாக ஏசி விசிறியே அதைக் காருக்குள் இழுத்துக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன்பே சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். புதிய இன்ஜின்கள் பலவற்றில் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்படுகிறது. அவற்றில் மாற்றுவதற்கு ஹெட்டர் என்று தனியாக ஒன்று கிடையாது. வேறு பலவற்றில் மேனிஃபோல்டும் கன்வர்ட்டரும் ஒரே துண்டாக இருக்கும். அங்கே ஹெட்டர் போடுவதென்றால் கன்வர்ட்டரையும் எடுத்துவிடுவதாகிறது. பல நாடுகளில் இது சட்டப்படி குற்றம், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது. கன்வர்ட்டரை வைத்துக்கொண்டு மாட்ட வழியில்லை என்றால் அந்த ஹெட்டரை வாங்கவே வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஈஜிஆர் குழாய் (புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் குழாய்) வந்து சேரும் துளையும் சென்சார் துளையும் பழையதில் உள்ளபடியே புதியதிலும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பலன் எவ்வளவு என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இசியு டியூனிங் இல்லாமல் சாதாரண இன்ஜினில் ஹெட்டர் மட்டும் தரும் கூடுதல் சக்தி சிறிதுதான். நான்கு குழாய்களும் ஒரே இடத்தில் கூடும் 4-1 அமைப்பு பொதுவாக உயர் ஆர்பிஎம்முக்கு (இன்ஜின் சுழலும் வேகம்) உதவும். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 நடு ஆர்பிஎம்மில் நல்ல இழுவை தரும். தினசரி ஓட்டத்துக்கு இரண்டாவதே பொருத்தம்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல்லை அடுக்கியோ கீழே படுக்கக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றியே ஆக வேண்டும், ஏனெனில் பல இன்ஜின்களில் ஸ்டார்ட்டரின் தடித்த வயர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது.

துருவேறிய ஸ்டட்டுதான் இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்னும். முந்தின நாள் இரவே, இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு நட்டிலும் விட்டு ஊறவிடுங்கள். சூடான மேனிஃபோல்டின் மேல் அதைத் தெளித்தால் தீப்பிடிக்கும். 12 முனை சாக்கெட் துருவேறிய நட்டின் மூலைகளை மழுக்கிவிடும் என்பதால் 6 முனை சாக்கெட்டே வேண்டும். முதலில் இம்மியளவு இறுக்கும் பக்கம் அசைத்துத் துருப் பிடிப்பை உடைத்துவிட்டு, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். கால் சுற்று வந்ததும் மறுபடி உள்ளே, மறுபடி வெளியே என்று எண்ணெய் விட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரேயடியாகப் பலம் கொடுத்தால் 8 மி.மீ. ஸ்டட் ஹெட்டின் வாயிலேயே முறியும். முறிந்துவிட்டால், வெளியே தெரியும் முனையில் ஒரு நட்டை வைத்து அதன் உட்பக்கம் வெல்டிங் அடித்து, ஆறியதும் திருப்புவதே சிறந்த வழி. வெல்டிங்கின் சூடே துருவின் பிடியைத் தளர்த்திவிடும். ஸ்டட்டுக்குள் துளை போட்டு எக்ஸ்ட்ராக்டரைச் (முறிந்த ஆணியைத் திருகி எடுக்கும் கருவி) செருகுவதை எடுத்த எடுப்பில் செய்யாதீர்கள். எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு. அது உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் பிட்டால் அதைத் தொடவே முடியாது, ஹெட்டையே கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போக நேரும்.

ஹெட்டுக்கும் ஃபிளாஞ்சுக்கும் இடையே அடைப்பாக இருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட பிளாஸ்டிக் அல்லது பித்தளைத் தகடு போதும். அலுமினிய ஹெட்டில் எஃகு உளியோ சுழலும் உரசு சக்கரமோ வேண்டாம். கீறல் விழும், அந்தத் தூள் போர்ட்டுக்குள் (ஹெட்டில் புகை வெளிவரும் துளை) போனால் வால்வு இருக்கையைக் கெடுக்கும். போர்ட்டுகளைத் துணியால் அடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்று எண்ணி வைத்து, முடிந்ததும் அத்தனையும் வெளியே வந்துவிட்டனவா என்று பாருங்கள்.

அடுத்தது பெரும்பாலோர் தவறவிடும் சோதனை. புதிய ஹெட்டரின் ஃபிளாஞ்ச் தட்டையாக இருக்கிறதா? குழாய்களை வெல்டிங் அடிக்கும்போது ஏறும் சூட்டில் ஃபிளாஞ்ச் வில்லாக வளைந்துவிடும். விலை குறைந்த ஹெட்டர்கள் பலவற்றில் அதை மறுபடி மெஷினில் சமப்படுத்துவதில்லை. நேரான எஃகுச் சட்டத்தை ஃபிளாஞ்சின் நீளவாக்கில் வைத்து, இடையில் ஃபீலர் கேஜைச் (கனம் குறித்த மெல்லிய அளவுத் தாள்கள்) செருகிப் பாருங்கள். 0.2 மி.மீ. தாள் எங்காவது நுழைந்தால் அதை அப்படியே மாட்டாதீர்கள். திருப்பிக் கொடுங்கள், அல்லது சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து சமப்படுத்துங்கள். போல்ட்டை இறுக்கி வளைவை நிமிர்த்திவிடலாம் என்றால், நிமிர்ந்ததுபோல் தெரிந்தாலும் அந்த இழுவிசை வெல்டிங்கில் தங்கிவிடும், ஒருநாள் அங்கேயே விரிசல் விடும். போர்ட் வாய்க்குள் வெல்டிங் மணி (உருகி உறைந்த புடைப்பு) துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதும் நல்லது.

கேஸ்கெட் பல அடுக்கு எஃகாகவோ கிராஃபைட்டாகவோ இருக்கட்டும். ஹெட்டரோடு இலவசமாக வரும் மெல்லிய அட்டை கேஸ்கெட் சில மாதங்களில் கருகி ஒரு மூலையில் ஊதிவிடும். கேஸ்கெட்டின் துளை போர்ட்டைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. சிலிக்கோன் பசை தடவி மூடும் பழக்கம் இங்கே வேண்டவே வேண்டாம். ஃபிளாஞ்சின் சூட்டை அது தாங்காது, சாதாரண சிலிக்கோனின் ஆவி சென்சாரையும் பாழாக்கும்.

கேஸ்கெட் இல்லாமல் ஒருமுறை ஹெட்டரை மாட்டிப் பார்த்துவிடுங்கள். எல்லா நட்டும் கையாலேயே மரை பிடித்து ஏற வேண்டும். ஒரு துளை ஒட்டாமல் இருந்தால் கம்பியால் நெம்பிப் பொருத்தாதீர்கள், துளையை அரம் போட்டுச் சற்று அகலப்படுத்துங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு கேஸ்கெட்டோடு மாட்டி, எல்லா நட்டையும் கையால் ஏற்றிய பின்னரே ஸ்பானரை எடுக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி இரு பக்கமும் மாறி மாறி வெளிநோக்கிப் போங்கள், மூன்று சுற்றாக. 8 மி.மீ. நட்டுக்கு முதல் சுற்று 8, அடுத்தது 15, கடைசியில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது பொதுவான அளவு. சர்வீஸ் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். குழாயின் வளைவு மறைப்பதால் பல நட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) நேராக எட்டாது. ரெஞ்சின் நுனியில் மாட்டும் திறந்த வாய்த் துண்டான குரோஃபுட் அடாப்டரை ரெஞ்சுக்குச் செங்குத்தாக, அதாவது 90 பாகையில் மாட்டினால் அளவு மாறாது. நேர்கோட்டில் மாட்டினால் ரெஞ்சின் நீளம் கூடி, காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும். மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவுவது நல்லதுதான், ஆனால் வழவழப்பு கூடுவதால் அதே எண்ணில் ஸ்டட் அதிகமாக இழுபடும். கையேடு உலர்ந்த மரைக்கு எண் தந்திருந்தால் கீழ் எல்லையிலேயே நிறுத்துங்கள். நைலான் வளையம் வைத்த லாக் நட் இந்தச் சூட்டில் உருகிவிடும். சாதாரண ஸ்பிரிங் வாஷரும் சூட்டில் விறைப்பை இழந்துவிடும். வாய் நெளித்த முழு உலோக லாக் நட்டைப் புதிதாக வாங்கிப் போடுங்கள், பழையதை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

எக்ஸாஸ்ட் சூட்டில் உலோகம் எவ்வளவு நீளும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 304 ரகத் துருப்பிடிக்காத எஃகில், அரை மீட்டர்க் குழாய் 500 பாகை செல்சியஸ் சூடேறினால் 4 மி.மீ.க்கும் சற்று அதிகமாக நீளும். வார்ப்பிரும்பு அதைவிடக் குறைவாகவே நீளும், அதனால் பழைய மேனிஃபோல்டு இந்தத் தொல்லையைக் காட்டவில்லை. இந்த நீட்சிக்கு இடம் தருவதற்காகத்தான் கலெக்டரில் (குழாய்கள் ஒன்றுசேரும் இடம்) நழுவும் இணைப்பும், அதன் பின்னால் வளையும் ஃபிளெக்ஸ் குழாயும் வைக்கிறார்கள். ஃபிளெக்ஸ் குழாயை எடுத்துவிட்டு நேர்க்குழாயை வெல்டிங் அடித்தால், இன்ஜின் ஆடும் ஒவ்வொரு முறையும் அந்த விசை ஃபிளாஞ்ச் நட்டில் போய் விழும். பின் குழாயின் ரப்பர் ஹேங்கர்களை மாட்டி, அதன் கனம் ஹெட்டரில் தொங்காதபடி செய்த பிறகே கலெக்டர் போல்ட்டை இறுக்குங்கள்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது இன்ஜின் தன் மவுண்டில் சாயும். ஆகவே ஸ்டியரிங் தண்டு, சேஸிஸ் போன்றவற்றிலிருந்து குறைந்தது 10 மி.மீ. இடைவெளி வேண்டும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், வயர்கள் ஆகியவற்றுக்கு இன்னும் தாராளமாக விடுங்கள். அப்படி விட முடியாத இடத்தில் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். ஹெட்டரைச் சுற்றித் துணிப்பட்டி கட்டுவதைச் சாதாரண எஃகு ஹெட்டருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பட்டி ஈரத்தைப் பிடித்துவைத்து உள்ளுக்குள் குழாயைத் துருவால் தின்றுவிடும். செராமிக் பூச்சுள்ள ஹெட்டரே மேல்.

ஆக்சிஜன் சென்சாரின் மரை 18 மி.மீ., பெரும்பாலும் 22 மி.மீ. ஸ்பானர் பிடிக்கும். வயர் வெளியே வரப் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட் இருந்தால் வேலை எளிது. ஆன்டி-சீஸ் மரையில் மட்டும் படட்டும், நுனியில் ஒரு துளிகூடப் படக் கூடாது. புதிய சென்சாரில் பெரும்பாலும் தடவியே வரும். நீளக் குழாய் ஹெட்டரில் சென்சார் கீழே தள்ளிப் போகும், வயரை நீட்டிக்க வேண்டியிருக்கும். எங்கே வைத்தாலும் நுனி கீழ்நோக்கியபடி, படுக்கைக் கோட்டிலிருந்து 10 பாகைக்கு மேல் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயில் ஊறும் தண்ணீர் நுனியில் தேங்கி உள்ளே இருக்கும் செராமிக்கை வெடிக்கவைக்கும்.

இப்போது கசிவுச் சோதனை. இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, காற்று ஊதும் பக்கமுள்ள வாக்குவம் கிளீனரின் குழாயை சைலன்சர் வாயில் துணியால் அடைத்து வைத்து ஊதவிடுங்கள். எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். கலெக்டரின் நழுவும் இணைப்பில் ஓரிரண்டு குமிழி வருவது இயல்பு. ஃபிளாஞ்சில் ஒரு குமிழிகூட வரக் கூடாது.

ஹெட்டரின் மேல் படிந்த எண்ணெயையும் கைரேகையையும் துடைத்துவிட்டு, திறந்தவெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். துடைப்பதற்குக் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் கூடாது. அதன் மிச்சம் கடுஞ்சூட்டில் நச்சு வாயுவாக மாறும். முதல் பத்துப் பதினைந்து நிமிடம் புகை வரும், பிறகு நிற்க வேண்டும். முழுதாக ஆறவிட்டு அதே வரிசையில் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். 100 கி.மீ., 500 கி.மீ. ஓடியதும் மீண்டும் ஒருமுறை. சூடாக இருக்கும்போது இறுக்கினால் அலுமினிய மரை போய்விடும். குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் கேட்டு, சூடானதும் மறையும் ‘டிக்’ சத்தத்தை அலட்சியம் செய்ய வேண்டாம். ஃபிளாஞ்ச் ஓரத்தில் கரும்புகைக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். காருக்குள் புகை நாற்றமோ, ஓட்டும்போது தலைவலியோ வந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்திவிடுங்கள். கசிவை அடைக்கும்வரை அதை எடுக்கக் கூடாது.

தங்கள் வாகனப் பக்கத்தில் அடுத்த முறை இந்த வேலையைப் பற்றி எழுதும்போது, ஃபிளாஞ்ச் சமதளச் சோதனையையும் சோப்புத் தண்ணீர்ச் சோதனையையும் தவறாமல் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்